அடி விழாத வீடு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சின்ன வயதில் வாங்கிய அடியில் வந்து நிற்கும். பெல்ட்டால் வாங்கியவர், விறகுக் கட்டையால் வாங்கியவர், தூணில் கட்டி வைக்கப்பட்டவர் என்று ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பீர்கள். போன மாதமும் அப்படி ஒரு பேச்சு நடந்தது. என் முறை வந்தபோது, "என் மேல் யாரும் கை வைத்ததில்லை" என்றேன். "கொடுத்து வைத்தவள்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டீர்கள். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் நாள்குறிப்பு எழுதுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லப்போகும் கோடைக்கு என்னிடம் குறிப்பு கிடையாது. அப்போது எனக்கு ஒன்பது வயது, அல்லது பத்து. ஆகவே உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், சந்தேகம் உள்ளதைச் சந்தேகம் என்றும் எழுதுகிறேன்.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் பாதைக்குப் பக்கத்தில், நீளமான ஓட்டுக் கட்டடம் ஒன்றை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் ஓர் அறையும் அதன் பின்னால் ஒரு சமையல் மூலையும் எங்கள் வீடு. துவைத்துப் போட்ட துணியில் நிலக்கரித் தூள் படியும். மூடாமல் வைத்த சோற்றிலும் படியும். காற்று காசிமேட்டுப் பக்கமிருந்து வீசினால் கருவாட்டு வாசனை, துறைமுகப் பக்கமிருந்து வீசினால் என்ஜின் புகை. இரண்டும் இல்லாத நாட்களில் காற்றே இல்லை என்று பொருள்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்குத் துறைமுக யார்டில் கொடி காட்டும் வேலை. சரக்குப் பெட்டிகளை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, தூரத்தில் இருக்கும் என்ஜின் டிரைவருக்குப் பச்சையோ சிவப்போ காட்ட வேண்டும். அந்த இரைச்சலில் வாயால் சொல்வது எதுவும் யார் காதிலும் விழாது. எங்கள் வரிசையில் எல்லாரும் அவரைக் கொடிக்காரர் என்றே சொன்னார்கள். வீட்டிலும் அவர் அதிகம் பேசமாட்டார்.

மற்ற வீடுகளில் பிள்ளைகள் அடி வாங்குகிற சத்தம் தினமும் கேட்கும். எங்கள் வீட்டில் கேட்காது. அப்பா கை ஓங்கமாட்டார், கத்தவும் மாட்டார். அதற்குப் பதிலாக அவர் யார்டில் கழித்துப் போட்ட பழைய கொடிகளிலிருந்து கிழிசல் இல்லாத பகுதியைக் கொண்டுவந்தார். அம்மா அதைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டி, ஓரம் தைத்து, ஒரு பச்சைத் துணியும் ஒரு சிவப்புத் துணியும் ஆக்கினாள். பச்சையின் ஓரத்தில் தையல் நெருக்கமாக, நூல் தெரியாமல் இருக்கும். சிவப்புக்கு எட்டி எட்டி ஓட்டுத் தையல் போட்டிருந்தாள். மூலையில் நூல் தொங்கும். அவசரத்தில் தைத்தது என்று நினைத்திருந்தேன்.

கதவுச் சட்டத்துக்கு உள்பக்கம் ஓர் ஆணி. அதில் பச்சைதான் எப்போதும் தொங்கும். நான் தவறு ஏதாவது செய்தால், அப்பா பச்சையை எடுத்துவிட்டுச் சிவப்பை மாட்டுவார். வசவு கிடையாது, விளக்கமும் கிடையாது. ஏதோ கெட்டுப் போயிருக்கிறது, அதைச் சரிசெய் என்று அர்த்தம். கொட்டிய தண்ணீரைத் திரும்பப் பிடித்து வைப்பேன், சண்டை போட்டவளிடம் போய்ப் பேசுவேன். சரிசெய்த பிறகு ஒரு வேளையிலோ ஒரு நாளிலோ ஆணியில் பச்சை வந்திருக்கும். மாற்றுவதை நான் பார்த்ததில்லை, அப்பாதான் மாற்றுகிறார் என்று நினைத்திருந்தேன். வேலை முடிந்து வரும் அப்பா ஆணியைப் பார்த்துவிட்டு என் தலையில் ஒரு முறை கை வைப்பார். அவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

அம்மா அவரை ஒருமுறை கேலி செய்தது நினைவிருக்கிறது. "இது இன்னா வூடா, ஸ்டேஷனா?" என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. "டிரைவரு தப்பு பண்ணா நான் கல்லால அடிக்கிறனா? செவப்பு காட்றேன். நிக்கிறான். அவனுக்கும் மருவாதி, எனக்கும் மருவாதி" என்றார்.

அவர் என்னை ஒருமுறை யார்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். தனியாக நின்ற ஒரு சரக்குப் பெட்டிக்கு முன்னால் கற்களுக்கு நடுவே சிவப்புக் கொடி ஒன்று நட்டிருந்தது. பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இந்தக் கொடிய யாரும் தொடக்கூடாது. பெரிய ஆபீசரே வந்தாலும் தொடக்கூடாது. அடில ஆளு வேல செய்றான். முடிச்சிட்டு வெளில வந்து அவனே புடுங்கினாத்தான் வண்டி நகரும்" என்றார் அப்பா.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் மசகு. கொடியைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இன்னா பாப்பா, நீதான் புது ஆபீசரா?" என்று என் மூக்கில் மசகு தடவப் போவது போல விரலை நீட்டினார். நான் அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். கொடியை யாரும் தொடக்கூடாது, வைத்தவர்தான் எடுக்க வேண்டும். இதை மட்டும் மனதில் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கோடைக்கு முந்தைய மழைக்காலத்தில் அம்மா பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. மூலக்கொத்தளம் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த அப்பா ஈர வேட்டியோடு வாசலில் நின்று ஆணியைப் பார்த்தார். பச்சை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு பல மாதம் அவர் அதைத் தொடவில்லை. நான் தவறே செய்யவில்லை என்பதல்ல. அவர் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டபோது வீட்டு வேலைகள் எங்களுக்குள் பழகிப் போயிருந்தன. காலையில் அப்பா குழம்பு வைத்துவிட்டுப் போவார். மதியத்துக்கு நான் சோறு வடித்து, அடுக்குத் தூக்கில் போட்டு, யார்டு கேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் போகிற வழியில், கரையில் பெரிய சுறா ஒன்றை இழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் ஓடினார்கள். தூக்கை ஒரு மதில் ஓரம் வைத்துவிட்டு நானும் ஓடினேன். சுறாவின் வாய்க்குள் ஒருவர் கட்டையைக் குறுக்கே நிறுத்திவைத்திருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது தூக்கு உருண்டு கிடந்தது. நாய் ஒன்று கடைசி அடுக்கை நக்கிக்கொண்டிருந்தது.

அப்பா அன்று வெறும் வயிற்றோடு வெயிலில் நின்று கொடி காட்டினார். மாலை வந்து, கால் கழுவி, என்னிடம் தூக்கை வாங்கிப் பார்த்தார். ஓர் அடுக்கு நசுங்கியிருந்தது. அதைக் கல்லில் வைத்துத் தட்டி நேராக்கினார். பிறகு பச்சைத் துணியை எடுத்துவிட்டுச் சிவப்பை மாட்டினார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அவர் என்னைக் கவனித்திருக்கிறார்.

மறுநாள் தூக்கை எங்கும் கீழே வைக்காமல் நேராகக் கேட்டுக்குக் கொண்டுபோனேன். கை மாற்றிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆணியைப் பார்த்தேன். சிவப்பு. மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே கொண்டுபோனேன். சோறு குழையாமல் வடித்தேன். குடங்களை விடியற்காலையிலேயே நிரப்பி வைத்தேன். அவருடைய காக்கிச் சட்டையைக் கரி போகும்வரை தேய்த்தேன். துணி மாறவில்லை.

அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பை விட்டதும் முதலில் ஆணியைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். பிறகு முகம் கழுவப் போவார். அந்தப் பார்வையில் கோபம் இருப்பதாக நினைத்தேன். இரண்டு பேரும் எதிர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். தட்டில் விரல் படுகிற சத்தம் கேட்கும். வெளியே ஷண்டிங் என்ஜின் பெட்டிகளை இடிக்கும்போது தண்ணீர்ச் செம்பு அதிரும். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் அதிகம் பேசியது அந்தச் செம்புதான்.

பக்கத்து அறையில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. குடும்பத் தலைவருக்குத் தோல் மண்டியில் வேலை. அவர் மனைவியை உறவுப் பிள்ளைகள் சாச்சி என்று கூப்பிட்டதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு ஒரு மகன், என் வயதில் ஒரு மகள்.

அந்த மகனுக்கு என்னைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. குழாயடியில் எல்லார் முன்னாலும், "இன்னாமே, ஒங்கூட்டு லைனு இன்னும் கிளியர் ஆவலியா? எங்க அத்தாவாண்ட சொல்லி சிக்னலுக்கு எண்ணெ வுடச் சொல்றேன்!" என்பான். குடத்தோடு நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

ஒரு நாள் சாச்சியின் மகள் மண்பானையைப் போட்டு உடைத்துவிட்டாள். சாச்சி விசிறிக் காம்பால் அவளை நன்றாகப் போட்டார். "கண்ணு எங்கடி வச்சிருந்தே? பொடனிலயா?" என்று அடிக்கு ஒரு கேள்வி. அவள் ஊரைக் கூட்டி அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். சாச்சி அவளைக் கால்களுக்கு நடுவே உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் பொறையை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அழுத மூக்கு இன்னும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. சாச்சி அவள் முதுகில் காம்பு பட்ட இடத்தை உள்ளங்கையால் தடவிவிட்டார்.

என்னைப் பார்த்ததும், "நீ இன்னாடி நின்னுகினு கீறே? உனக்கும் வோணுமா?" என்றார்.

பொறையைத்தான் கேட்டார். எனக்கு எல்லாமே வேண்டும் போல இருந்தது. காம்பும், எண்ணெயும், அந்த உள்ளங்கையும். பொறையை வாங்காமலே வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். அடி வாங்கி வளர்ந்த நீங்கள் அடி வாங்காத வீட்டை நினைத்து ஏங்கியிருப்பீர்கள். நான் மறுபக்கம் நின்று ஏங்கினேன். ஒரு அடி விழுந்தால் அன்றோடு கணக்கு தீர்ந்துவிடும், மறு நிமிஷம் அவர் என்னோடு பேசுவார் என்று முடிவு செய்தேன்.

அப்பாவின் விசில் பலகையில் இருக்கும். பித்தளை. வேலைக்குப் புறப்படும்போது கடைசியாக எடுத்துக் கழுத்தில் மாட்டுவார். ஒரு நாள் அவர் கை நீட்டுவதற்கு முன்னால் நான் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். தெருச் சாக்கடைக்கு மேல் நீட்டிப் பிடித்தேன். அவர் வாசலுக்கு வந்து என்னைப் பார்க்கும்வரை காத்திருந்து, பிறகு விரலை விட்டேன்.

"அடி நைனா" என்றேன். "சாச்சி மாறி அடி!"

"அடிக்க மாட்டேன்."

"எதுக்கு அடிக்க மாட்டே?"

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சாக்கடை ஓரம் மண்டி போட்டார். அந்தப் பக்கம் வந்த ஒருவர், "இன்னா கொடிக்காரரே, விரால் கெடைக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா முழங்கை வரை விட்டுத் துழாவி விசிலை எடுத்தார். சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, ஒருமுறை ஊதிப் பார்த்தார். ஆணியில் ஏற்கெனவே சிவப்பு தொங்கியது. அதற்கு மேல் மாட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு பக்கமாகச் சரிந்திருந்த அந்தத் துணியை நேராக்கிவிட்டுப் புறப்பட்டார்.

விசில் செய்தியைச் சாச்சியின் மகன் ஊரெல்லாம் சொன்னான். காலடிப்பேட்டையிலிருந்து எங்களைப் பார்க்க வந்த அத்தையிடமும் சொன்னான். அத்தை அப்பாவுக்கு அக்கா. ஐந்து பிள்ளைகள் பெற்றவர். கையில் எப்போதும் ஏதாவது பலகாரம் இருக்கும், அதே கையில் அடியும் இருக்கும்.

"இன்னாடா தம்பி இது, வாசப்படில செவப்புத் துணி? ரயிலு கியிலு உள்ள வருதா?"

"அது பாப்பாவுக்கு."

"பாப்பாவுக்குத் துணியா? முதுவுல ரெண்டு வச்சா வேல முடிஞ்சுது. பொட்டப்புள்ள. தாயி இல்ல. தனியா வுட்டுட்டு நீ ஷிஃப்டுக்குப் போயிடற. என்னாண்ட வுடு. அஞ்சோட ஆறா வளந்துட்டுப் போவுது. லீவு முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு."

"பாக்கலாம்க்கா" என்றார் அப்பா.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. விடுமுறை முடிவதற்குள் துணி பச்சையானால் இருக்கலாம், ஆகாவிட்டால் காலடிப்பேட்டை. அப்பா அப்படிச் சொல்லவில்லை. நானாக வைத்துக்கொண்ட விதி. ஆனால் அந்த வயதில் நாமே வைத்துக்கொள்கிற விதியைவிடக் கடுமையான விதி வேறு கிடையாது. அதன் பிறகு ஒரு தவறும் செய்யாமல் இருந்தேன். மதியங்களில் ஆணிக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெயில் கதவு வழியாக வந்து அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். மூலையில் தொங்கிய நூல் இன்னும் கொஞ்சம் பிரிந்திருந்தது.

விடுமுறை முடிகிற சமயத்தில் அத்தை மறுபடி வந்தார். நான் தண்ணீர்ப் பானைகளுக்குப் பின்னால் இருந்தேன். அப்பா தணிந்த குரலில் சொன்னார்:

"இவ்ளோ நாளு பாத்தேன்க்கா. அவளுக்கு என்னோட ராசியாவ மனசு இல்ல. அவ அம்மா இருந்தப்ப இப்பிடி இல்ல. நீ கூட்டிகினு போ. அங்க பசங்களோட இருந்தா சிரிக்கவாவது செய்யும்."

சிரிப்பதைப் பற்றி அவர் சொன்னது என் மனதில் ஏறவில்லை. ஏறியது, கூட்டிகினு போ என்பது மட்டும்தான்.

புறப்படும் நாளில் வாசலில் ஜட்கா வந்து நின்றது. குதிரை வாயில் நுரையோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. என் பாவாடைகள், சிலேட்டு, அம்மாவின் சீப்பு எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் போயிருந்தன. அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். சாச்சி ஒரு பொட்டலத்தில் பொறை கட்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது ஆணியைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது? பொண்ணு கெளம்பற வூட்ல செவப்பு தொங்கிகினு கீது. நல்லாவா கீது? எடுத்துட்டுப் பச்சைய மாட்டிட்டுப் போடி."

"நான் தொடக்கூடாது சாச்சி. நைனா வச்சுது. நைனாதான் எடுக்கணும்."

"ஒங்க நைனா என்னிக்கிடி எடுத்துது? ஒங்கம்மாதானே எடுத்து மாட்டும்?"

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். வைத்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. தகரம் தரையில் உட்கார்ந்த சத்தம்.

"யாரு எடுத்து மாட்டுனது?" என்றார்.

சாச்சி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒங்க வூட்டுக்காரம்மாதாண்ணே. நீங்க ஷிஃப்டுக்குப் போனப்புறம், பாப்பா கொழாயாண்ட போசொல்ல, எடுத்துட்டுப் பச்சைய மாட்டும். 'அப்பனும் பொண்ணும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துகினே ஒக்காந்துக்கும், நான் எடுத்து வுட்டாத்தான் வண்டி நகரும்'னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

அப்பா என்னிடம் திரும்பினார். "நீ எடுக்கலியா? ஒரு வாட்டி கூடவா?"

"இல்ல."

"நீ எடுப்பேன்னுதானே நான் தெனமும் வந்து பாத்தேன். சோறெல்லாம் கரெக்டா கொண்டாந்தே. அப்பியும் எடுக்கல. எம்மேல கோவம்னு நெனச்சேன்."

"நீ வச்சது நைனா. வச்சவங்கதானே எடுக்கணும்?"

"அடில வேல செய்றவன்தான் எடுக்கணும் பாப்பா. சரி பண்றது நீ. நீதானே எடுக்கணும்?"

யார்டில் கொடியை வைக்கிறவனும் அடியில் படுத்து வேலை செய்கிறவனும் ஒரே ஆள். அதனால் அங்கே யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. எங்கள் வீட்டில் வைத்தது ஒருவர், சரிசெய்தது இன்னொருவர். நான் அவருக்காகக் காத்திருந்தேன், அவர் எனக்காகக் காத்திருந்தார். நடுவில் ஓசைப்படாமல் எடுத்து மாட்டிக்கொண்டிருந்தவள் இல்லாமல் போனது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் முழுதாகத் தெரிந்தது.

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாடா ரெண்டு பேரும் கொடி கொடின்னுகினு? ஜட்காக்காரன் கத்தறான்."

அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "நீ இன்னா சொல்ற? போறியா, இருக்கறியா?"

அதுவரை அவர் என்னை எதையும் அப்படிக் கேட்டதில்லை. ஆணியை நோக்கிக் கையை நீட்டினேன். எட்டவில்லை. அந்த ஆணி என் கைக்கு எட்டாது என்பது அப்பாவுக்கு அன்றுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். தகரப் பெட்டியைக் கதவோரம் இழுத்து, அதன்மேல் ஏறி நின்று, சிவப்பை எடுத்தேன். பச்சையை அம்மா எங்கே வைப்பாள் என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அப்பா எடுத்தபோது எங்கே வைத்தார் என்பதும் அவருக்கே நினைவில்லை. கடைசியில் அரிசிப் பானை மூடிக்கு மேலே மடித்தபடி கிடைத்தது.

அத்தை போகும்போது, "நல்ல ரயில்வேக் குடும்பம்டா" என்று முனகிக்கொண்டே ஜட்காவில் ஏறினார். அவர் கொண்டுவந்த பலகாரத்தை மறக்காமல் கொடுத்துவிட்டுத்தான் போனார். அன்று மாலையே அப்பா அந்த ஆணியைப் பிடுங்கி, என் தோள் உயரத்தில் மறுபடி அடித்தார்.

அன்றோடு எங்கள் வீட்டில் பேச்சு பெருகிவிட்டது என்று எழுதினால் பொய். பழைய மௌனமே மறுநாள் திரும்ப வந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: சாப்பிட உட்காரும்போது அப்பா ஒரு கேள்வி கேட்பார். "இன்னிக்கு இன்னா ஆச்சு?" நான் ஏதாவது சொல்வேன். அவர் தலையாட்டுவார். கேள்வி மாறாது. சில நாட்களில் என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்காது, அவரிடமும் இருக்காது. அம்மா உட்காரும் இடத்தில் தண்ணீர்ச் செம்பு இருக்கும்.

சமீபத்தில் என் மகளின் குழந்தை படிக்கிற பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். மகளுக்கு வேலை, நான் போனேன். ஓர் இளம் ஆசிரியை பேசினார். அடிக்காதீர்கள், பயமுறுத்தாதீர்கள், செய்த தவறைக் குழந்தையே சரிசெய்ய வழி விடுங்கள் என்றார். சரிசெய்ததைப் பார்த்தால், பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு, அப்பாவுக்கு இதில் எவ்வளவு தெரிந்திருந்தது, எந்த ஒன்று மட்டும் தெரியாமல் போயிற்று என்று ஓடிக்கொண்டிருந்தது. தெரியாமல் போன அந்த ஒன்றை எங்கள் வீட்டில் அம்மா செய்துகொண்டிருந்தாள். அவளும் வாய்விட்டுச் சொல்லவில்லை; துணியை மாற்றினாள்.

இனி ஒன்று பாக்கி.

பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் ஆகியிருக்கும். மாலை வீட்டுக்கு வந்தால் ஆணியில் சிவப்பு தொங்கியது. வாசலிலேயே நின்று, காலையிலிருந்து செய்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். தவறு ஒன்றும் அகப்படவில்லை. அப்பா காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றாமல், ஆணிக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சிவப்புத் துணி அவர் தலைக்குச் சற்று மேலே இருந்தது.

"நான் இன்னா பண்ணேன் நைனா?"

"நீ ஒண்ணும் பண்ணல. இது என்னுது."

"நீ இன்னா பண்ணே?"

"உன்ன ஒரு வார்த்த கேக்காமலே அனுப்பப் பாத்தேன்ல" என்றார். பிறகு, "எப்பிடி சரி பண்றதுன்னு தெரில" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. பையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே பெட்டிகள் இடித்தன, செம்பு அதிர்ந்தது. கேட்க வேண்டும் என்று பல நாள் நினைத்ததைக் கேட்டேன்.

"நீ எதுக்கு என்ன அடிக்கவே மாட்டேன்ற?"

"என்ன சின்ன வயசுல ஒருத்தன் அடிச்சிகினே இருப்பான். வேல கத்துக் குடுக்கறேன்னு. அவன் சொன்னதெல்லாம் மறந்துட்டேன். அடி மட்டும்தான் ஞாபகம் கீது."

அதன் பிறகு நான் கேட்காமலே பேசினார். மூலக்கொத்தளத்திலிருந்து வந்த நாளுக்குப் பிறகு அம்மாவைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஒங்கம்மாவுக்கு இந்தத் துணியே புடிக்காது. பச்சைக்கு எப்பிடி தெச்சிருக்கா பாரு. செவப்பு தெக்கசொல்ல, 'இதுக்கு இவ்ளோ தையல் போதும், சீக்கிரம் பிஞ்சு போவட்டும்'னு சொன்னா. நான் வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அண்ணாந்து அந்த ஓரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எட்டி எட்டிப் போட்ட தையல், தொங்கும் நூல். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை உயர்த்தினார். ஆணி இப்போது தாழ்வாக இருந்ததால் எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை. துணியை எடுத்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். பச்சையை மாட்டவில்லை.

வீடு மாறியபோது அந்த இரண்டு துணிகளும் எங்கோ போய்விட்டன. எந்த வருஷம் என்று தெரியவில்லை. அம்மாவைப் பற்றி அவர் அன்றைக்குப் பிறகு அவ்வளவு நேரம் பேசியதும் இல்லை. ஆனால் அன்று சிவப்பை எடுத்தது அப்பாதான். இதை மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் எழுதுகிறேன். மறுநாளிலிருந்து அந்த ஆணியில் என் பள்ளிக்கூடப் பை தொங்கியது.